யார் கவுண்டர் சரி?

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஃப்ரீக்வென்சி கவுண்டர் வாங்கினேன். ஒரே ஆசிலேட்டரை என்னுடையது 1,00,00,010 ஹெர்ட்ஸ் என்கிறது. விழுப்புரம் நண்பருடையது சரியாக ஒரு கோடி என்கிறது. என்னுடையதைத் திருகி அவருக்குச் சமமாக்கிவிடலாமா?
– ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: மாவட்டத் தலைநகரில் இருக்கிறது என்பதற்காக அவர் கவுண்டர் கலெக்டர் ஆகிவிடுமா? உங்கள் தகராறு பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கடிகாரமாக இருந்தால் வருடத்துக்கு அரை நிமிடம்.

மேல்முறையீடு செய்யுங்கள். உச்ச நீதிமன்றம் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம். சீசியம் அணு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை துடித்தால் ஒரு வினாடி என்று கணக்கு வைத்து, இந்திய நேரத்தைக் காப்பவர்கள் அவர்கள். ரயில் ஏற வேண்டாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலும் அணுக்கடிகாரம்தான். அதைப் பின்பற்றும் 10 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் ஒன்றைப் பிடித்து, ஆன்டெனாவை மொட்டை மாடியில் வையுங்கள். (அணுக்கடிகாரமும் படுத்துக்கொள்ளும்: 2013இல் இஸ்ரோ ஏவிய முதல் வழிகாட்டிச் செயற்கைக்கோளில் மூன்று ருபிடியம் கடிகாரங்களும் நின்றுபோயின. 2023இல் சொந்தத் தயாரிப்பை அனுப்பினார்கள்.)

கவுண்டரை ஒரு மணி நேரமாவது சூடேற விடுங்கள். கேட் நேரம் 10 வினாடி. அந்த ஆசிலேட்டரின் சிக்னலைக் கொடுங்கள். ரீடிங் ஒரு கோடிக்குக் கூடுதலாக வந்தால் உள்ளே இருக்கும் கிரிஸ்டல் மெதுவாக ஓடுகிறது என்று அர்த்தம். ட்ரிம்மரைப் பிளாஸ்டிக் திருப்புளியால் மயிரிழை திருப்புங்கள். இரும்பு என்றால், கையை எடுத்ததுமே ரீடிங் நகரும். மே மாத மத்தியானத்தில் மட்டும் செய்யாதீர்கள்.

முடிந்ததும் நண்பரின் கவுண்டரையும் அதே சிக்னலில் பாருங்கள். பஸ் செலவு தோற்றவருடையது.