கோட்டுக்கு வெளியே எட்டாம் ஆள்

உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் வட்டாரத்துப் பள்ளி மைதானங்களில், குறுவட்டப் போட்டிக்குக் கபடி அணி பொறுக்கும் நாள் நெருங்க நெருங்கத் தவறாமல் தலைகாட்டும் மனித வகைக்குக் கபடித் தகப்பனார் என்று பெயரிடலாம். குறுவட்டம் என்பது அண்டைப் பள்ளிகள் தமக்குள் மோதும் முதல் படி. அதில் வென்றால் மாவட்டம், அதற்கும் மேலே மாநிலம். களத்தில் ஆடுவோர் ஏழு பேர், மாற்றாட்டக்காரர் ஐவர், ஆக அணிக்குப் பன்னிரண்டு இடங்கள். அவற்றில் ஒன்று தம் மகனுக்கென ஏற்கெனவே முடிவாகிவிட்டதால், எஞ்சிய பதினொன்றைப் பி.டி. சார் தம் விருப்பம்போல் நிரப்பிக்கொள்ளலாம் என்பதே இவரது பெருந்தன்மை.

தறியிலிருந்து எழுந்து வந்தவராயினும் முந்திரிக் கொல்லையிலிருந்து வந்தவராயினும், இவர் வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தி, அதைவிட்டு இறங்காமலேயே ஆட்டத்தைக் கைப்பேசியில் படம் பிடிப்பார். மகன் களத்தில் இறங்கினால் மட்டுமே கைப்பேசி உயரும். அடுத்த வீட்டுப் பையன் இறங்கியதும் அது சட்டைப்பைக்குள் போய்விடும். தொட்ட ஆட்டம் சேமிக்கப்பட்டுப் பிடிபட்ட ஆட்டம் அழிக்கப்படுவதால், அந்தக் கைப்பேசிக்குள் அப்பையன் ஒருமுறைகூடப் பிடிபட்டதில்லை. பி.டி. சாரோடு இவர் நடத்தும் வழக்கில் முதல் சாட்சி இதுதான்.

பிணக்கு பெரும்பாலும் இடத்தைப் பற்றியதன்று, எந்த இடம் என்பதைப் பற்றியது. பாடிப் போதல், அதாவது மூச்சு விடாமல் ‘கபடி கபடி’ என்று சொல்லிக்கொண்டே எதிர்க்களம் புகுந்து 30 நொடிக்குள் ஆளைத் தொட்டுத் திரும்புதல், ஊரே பார்க்கும் வேலை. கார்னர், அதாவது தற்காப்பு வரிசையின் ஓரத்தில் நின்று வருபவனின் கணுக்காலைக் கவ்வுதல், முழங்கால் தேயும் வேலை. பையனுக்கோ கைப்பிடி இரும்பு, கால் சற்று மந்தம். அதைக் கண்டு பி.டி. சார் அவனை இடது கார்னரில் நிறுத்தினால், “பய நல்லாப் பாடுவான் சார், நீங்கதான் விடமாட்டேங்கறீங்க” என்ற வாதம் தொடங்கும். 2025 புரோ கபடி ஏலத்தில் 2.23 கோடி ரூபாய்க்கு, எல்லாரையும்விட அதிக விலைக்குப் போன ஈரானியர் முகமதுரேசா ஷாட்லூயி பெயரெடுத்ததே இடது கார்னரில்தான் என்று பி.டி. சார் எடுத்துச் சொன்னாலும், ஈரானில் பாடத் தெரிந்த ஆள் இருந்திருக்க மாட்டான் என்று விடை வரும்.

இவ்வளவுக்கும் இவரை வெறும் பிள்ளைப் பாசக்காரர் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. அரசு வேலையில் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு; பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டுக்கெனத் தனி இடங்கள் உண்டு. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேசும் கபடித் தங்கம் வென்று திரும்பியபின், பெண்ணைப் பெற்றவர்களும் வேப்பமரத்தடிக்கு வரத் தொடங்கினால் வியப்பதற்கில்லை. நிலமோ சிபாரிசோ இல்லாத வீட்டுக்குச் சான்றிதழ் ஒரு சொத்து. குறுவட்டச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு எந்த வாசலையும் திறக்க முடியாது என்பது தெரிந்திருந்தும், அதை லேமினேஷன் செய்யக் கொடுத்துவிட்டுக் கடை வாசலிலேயே காத்து நிற்பவரைக் கண்டு சிரிப்பவர்க்குக் கொஞ்சம் கல்நெஞ்சு வேண்டும்.

பட்டியல் ஒட்டப்படும் நாளில் இவரது விரல் கீழிருந்து மேலாகப் போகும். பன்னிரண்டாம் பெயர் மகனுடையதாக இருந்துவிட்டால், அதுவரை சாதி, சொந்தம், தேநீர் உபசாரம் எனப் பி.டி. சார் மீது சுமத்திய அத்தனை குற்றச்சாட்டும் அதே நொடியில் தள்ளுபடியாகும். பெயர் வராத பையனின் தகப்பனார் பக்கத்தில் நின்று முணுமுணுத்தால், “அதெல்லாம் அவருக்குத் தெரியும்ண்ணே, நாமெல்லாம் கபடியப் பத்திப் பேசலாமா?” என்று கண்டித்துத் திருத்துபவரும் இவரே.