கோல்டு காபி அண்ணாச்சி

மும்பை கோவண்டி ஸ்டேஷனைச் சுற்றியுள்ள குடிசை மாற்று பில்டிங்குகளில், மாடிக்கு ஒருவர் வீதம் கோல்டு காபி அண்ணாச்சி இருக்கிறார். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கமாகவோ திருநெல்வேலிப் பக்கமாகவோ இருக்கும். பிறந்தது தாராவியிலோ சீத்தா கேம்பிலோ. மராத்தி சுமாராக வரும், இந்தி தாராளமாக வரும், தமிழ் கோபம் வந்தால் மட்டும் சுத்தமாக வரும். வாரத்தில் ஆறு நாள் தண்ணீர் குடிக்கக்கூட அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காதவர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மச்சினன் குடும்பமோ ஆபீஸ் சிநேகிதரோ வந்து உட்கார்ந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். “இருங்க, மால்ல முந்நூறு ரூவாய்க்கு விக்கிறதை நம்ம வீட்லயே அடிச்சுத் தர்றேன்.” அடுத்த ஐந்து நிமிஷத்துக்கு அந்த மாடியில் யாரும் போன் பேச முடியாது. பிறகு உயரமான கண்ணாடி டம்ளர்களில் நுரை ததும்ப, சாக்லேட் சிரப் கோடு கோடாக வழிய, காபி வருகிறது. விருந்தாளிகள் போட்டோ எடுக்கிறார்கள். அண்ணாச்சி ஒரு ஓரமாக நின்று, அந்தப் போட்டோவில் தானும் விழுகிற அளவுக்கு மட்டும் அடக்கமாக இருக்கிறார்.

இவரைப் பற்றி பில்டிங்கில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. சிக்கனக்காரர் என்பது ஒன்று, காபி ரசிகர் என்பது இன்னொன்று. இரண்டும் தப்பு என்பது என் கட்சி. ஐஸ் போட்டு அடிக்கிற இந்தக் காபிக்கு மூன்று கட்டம் உண்டு. முதல் கட்டம் முந்தின நாள் ராத்திரி ஃப்ரீசரில் நடக்கிறது; இரண்டாவது, மிக்ஸி ஓடுகிற இரண்டு நிமிஷம்; மூன்றாவது கட்டம் சிங்க்கில். காபி எப்படி இருக்கும் என்பதை முதல் கட்டம் முடிவு செய்கிறது. வீடு எப்படி இருக்கும் என்பதை மூன்றாவது கட்டம் முடிவு செய்கிறது. நடுக்கட்டத்தில் இருப்பது ஒரு சுவிட்ச். அண்ணாச்சி நடுக்கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தேர் நிலைக்கு வருகிற நேரத்தில் வடத்தைத் தொட்டவர் தானே இழுத்து வந்ததாகச் சொல்வதுபோல, முழுக் காபியும் தன் கைவண்ணம் என்கிறார். இது வெறும் பொறாமைப் பேச்சு இல்லை, கணக்கு இருக்கிறது.

முதலில் சூட்டுக் கணக்கு. ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி ஆறும்போது விடுவது ஒரே ஒரு கலோரி. ஆகவே 80 டிகிரிச் சூட்டில் உள்ள 100 மில்லி டிகாக்ஷன் பூஜ்யத்துக்கு இறங்குவதற்குள் ஏறக்குறைய 100 கிராம் ஐஸைக் கரைத்து முடித்துவிடும். அண்ணாச்சிக்குப் பொறுமை கிடையாது. விருந்தாளி வந்த பிறகுதான் டிகாக்ஷன் நினைவே வரும். ஆவி பறக்கிற டிகாக்ஷனை ஐஸ் மேல் ஊற்றுகிறார். ஐஸ் காணாமல் போகிறது. இன்னும் நாலு கட்டி போடுகிறார். காபி நீர்க்கிறது. ருசி பார்த்துவிட்டுச் சர்க்கரை அள்ளிப் போடுகிறார். நாக்குக்குக் குளிர்ச்சியில் இனிப்பு மந்தமாகத்தான் தெரியும் என்பதால் அதுவும் போதவில்லை, மேலே சிரப் ஊற்றுகிறார். மாட்டுங்கா வரை போய் மைசூர் கன்சர்ன்ஸில் 80க்கு 20 என்று சிக்கரி கலந்து அரைத்து வாங்கி வந்த பொடி, கடைசியில் ஒரு நிறமாக மட்டும் மிஞ்சுகிறது. இதற்கு மருந்து மிகச் சுலபம். டிகாக்ஷனை ஆறவைத்து, ராத்திரியே ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்துவிட வேண்டும். மறுநாள் அந்தக் காபிக் கட்டியையும் குளிர்ந்த பாலையும் சேர்த்து அடித்தால், உருகினாலும் காபியாகவே உருகும். இந்த ட்ரேயை ராத்திரி பதினொரு மணிக்கு, ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் தம்மாத்துண்டு ஃப்ரீசரில், தேவனார் மட்டன் பொட்டலத்துக்கும் சீலா மீன் பைக்கும் நடுவே, மீன் வாடை ஏறாதபடி மூடி போட்டு வைப்பவர் யார்? அண்ணாச்சி அப்போது யூடியூபில் ஃப்ராப்பே செய்முறை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது நடுக்கட்டம். அவருடைய சொந்த ராஜ்யம் என்பதால் அதையும் கிட்டே நின்று பார்ப்பதுதான் நியாயம். மிக்ஸி ஜாரில் ஐஸை முதலில் போட்டு, அதன் மேல் மற்றதை ஊற்றுகிறார். பிளேடுக்கு அடியில் திரவம் இருக்க வேண்டும், கட்டி மேலே இருக்க வேண்டும் என்பது சட்னி அரைக்கிற எவருக்கும் தெரியும். சுவிட்சை ஒரேயடியாக மூன்றாம் நம்பருக்குத் திருப்புகிறார். இடதுபுறம் விட்டு விட்டுத் திருப்பிக் கட்டிகளை உடைத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்குக் கிடையாது. இரண்டு கட்டி பிளேடுக்கும் ஜாருக்கும் நடுவே போய்ச் சிக்கிக்கொள்கின்றன. மோட்டார் ‘ம்ம்ம்’ என்று முனகுகிறது, லேசாகத் தீய்ந்த வாடை, அப்புறம் மௌனம். “வோல்டேஜ் சரியில்லை” என்கிறார் அண்ணாச்சி. ஃபேன் சரியாகத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அண்ணி வருகிறார். ஒன்றும் பேசாமல் ஜாரைக் கழற்றுகிறார், மிக்ஸியைச் சாய்த்து அடியிலுள்ள சிவப்புப் பட்டனை விரலால் அழுத்துகிறார், கரண்டிக் காம்பால் கட்டியை நெம்பிவிட்டு மறுபடி மாட்டுகிறார். “இப்பப் போடுங்க.” சுவிட்ச் போடுவது மட்டும் மறுபடி அண்ணாச்சி. ஆக அவருடைய சொந்த ராஜ்யத்திலேயே பாதி ஆட்சி அடுத்தவர் கையில்.

இந்த மிக்ஸியின் சரித்திரமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. இன்று நம் வீடுகளில் ஓடும் மிக்ஸியின் மூத்த வடிவம் இதே மும்பையில் பிறந்தது. எஞ்சினியர் சத்ய பிரகாஷ் மாத்தூரின் மனைவி மாதுரி மாத்தூரிடம் இருந்த ஜெர்மன் பிரவுன் மிக்ஸி நம்மூர் அரவைக்குத் தாங்காமல் பழுதாகிப் போனது. அதைவிட நல்லதாக ஒன்று செய்து தரச் சொல்லி மனைவி கேட்க, மாத்தூர் வலுவான மோட்டாராகப் பார்த்துப் போட்டு உருவாக்கியதுதான் சுமீத். 1963-ல் கம்பெனி தொடங்கியது. எழுபதுகளில் சுமீத் இல்லாத சீர்வரிசை சீர்வரிசையே இல்லை என்ற நிலை வந்தது. உளுந்தும் தேங்காயும் அரைக்கிறவர் என்ன படுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு செய்த இயந்திரம் அது. மாவு அரைக்கும்போது சூடேறாமல் இருக்க ஐஸ் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தைக்கூட நம் வீட்டுப் பெண்கள் அண்ணாச்சிக்கு எத்தனையோ காலம் முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மிக்ஸியில் ஐஸ் என்பது புதுமை இல்லை. அதைச் சபை கூட்டிச் செய்வதுதான் புதுமை.

வெளிநாட்டுக் கதையும் அவருக்குக் கைகொடுக்காது. கிரேக்க ஃப்ராப்பே பிறந்தது 1957-ல், தெசலோனிகி வணிகக் கண்காட்சியில். நெஸ்லே பொருட்களோடு அங்கே வேலை பார்த்த திமித்ரிஸ் வகோண்டியோஸுக்குக் காபி குடிக்க ஆசை, வெந்நீர் கிடைக்கவில்லை. இன்ஸ்டன்ட் பொடியையும் பச்சைத் தண்ணீரையும் ஒரு குலுக்குக் குவளையில் போட்டுத் தானே குலுக்கி, தானே குடித்தார். கரண்டும் கிடையாது, கைதட்டவும் ஆளில்லை. ஃப்ராப்புச்சினோ வேறு வழியாக வந்தது. ஜார்ஜ் ஹவெலின் பாஸ்டன் காபிக் கடைகளில் உருவான சரக்கு அது; 1994-ல் ஸ்டார்பக்ஸ் அந்தக் கடைகளை வாங்கி, 1995-ல் ஊரெங்கும் விற்கத் தொடங்கியது. 2012 அக்டோபரில் டாடாவோடு கூட்டுச் சேர்ந்து மும்பை ஹார்னிமன் சர்க்கிளில் முதல் கடை திறந்தபோது நமக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் கடைக் காபி நுரை குலையாமல் நிற்பதற்குக் காரணம், மிக்ஸி ஓட்டுகிற பையனின் கைராசி இல்லை. ஐஸ் தூளும் திரவமும் பிரியாமல் பிடித்து வைக்கும் சாந்தன் பசை கலந்த பாகு முன்கூட்டியே தயாராக இருக்கிறது. அங்கேயும் சூட்சுமம் பட்டனில் இல்லை, முன்னேற்பாட்டில்தான் இருக்கிறது. வீட்டில் அந்த வேலையைக் கொஞ்சம் பால் பவுடரோ ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீமோ செய்யும். அதை யோசித்து வாங்கி வைத்தவரும் அண்ணிதான்.

மூன்றாவது கட்டத்துக்கு வருவோம். கோவண்டியில் தண்ணீர் முனிசிபாலிட்டி வைத்த நேரத்துக்கு வரும்; மற்ற நேரமெல்லாம் டிரம்மில் பிடித்து வைத்ததுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காபிக்கு ஆகிற பாத்திரம்: ஜார், மூடி, ரப்பர் வளையம், டிகாக்ஷன் ஃபில்டரின் இரண்டு அடுக்கு, பால் சட்டி, ஐஸ் ட்ரே, ஆறு உயர டம்ளர். பிளேடுக்கு அடியில் பாலும் சிரப்பும் போய் உறைந்திருக்கும்; அங்கே விரல் நுழையாது, வெந்நீர் விட்டு ஒருமுறை ஓட்டிக் கொட்டிவிட்டு அப்புறம் பிரஷ் போட வேண்டும். ரப்பர் வளையத்தைக் கழற்றித் தேய்க்காவிட்டால் திங்கட்கிழமைச் சட்னியில் காபி மணக்கும். சனிக்கிழமை பூண்டுச் சட்னி அரைத்த ஜாரைச் சரியாகத் தேய்க்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக் காபியில் என்ன மணக்கும் என்பதை விருந்தாளிகள் அறிவார்கள், மரியாதைக்காகச் சொல்வதில்லை. இத்தனைக்கும் டிரம்மில் இருந்து மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும். அண்ணாச்சி அந்த நேரம் வாசல் வரை போய் விருந்தாளிகளை வழியனுப்பிக்கொண்டிருக்கிறார். வழியனுப்பல் ஜார் கழுவி முடிகிற வரை நீளும்.

இனி அண்ணாச்சி தரப்பு வாதங்கள். காசு மிச்சமாகிறதே என்பார்கள். கரண்ட் விஷயத்தில் அது முழுக்க உண்மை: 750 வாட் மிக்ஸி இரண்டு நிமிஷம் ஓடினால் ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்குதான் செலவு. பாலும் பொடியும் சர்க்கரையும் சேர்த்தாலும் கடை விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் சிக்கனக் கணக்கில் சிரப் பாட்டில், விப்பிங் கிரீம், குண்டு ஸ்ட்ரா, உயர டம்ளர் செட் எல்லாம் சேர வேண்டாமா? அதோடு, மிச்சம் பிடிக்கிறவர் தனியாக இருக்கும்போதும் பிடிக்க வேண்டும். விருந்தாளி இல்லாத நாளில் அண்ணாச்சி ஐஸ் காபி அடித்துக் குடித்ததாக ஒரு சாட்சியும் இல்லை. அன்றைக்கு அவருக்குத் தெருமுனை கட்டிங் சாய் போதும். சுகாதாரம் என்று இன்னொரு வாதம். இதை மறுக்க முடியாது. மகாராஷ்டிரத்தில் 2018-ல் சாப்பிடத் தகாத ஐஸில் நீலச் சாயம் கலக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது என்றால், அதற்கு முன் எந்த ஐஸ் எந்த டம்ளரில் விழுந்தது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். வீட்டு ஐஸ் நல்ல ஐஸ்தான். ஆனால் அந்தத் தண்ணீரைக் காய்ச்சி, வடிகட்டி, ட்ரேயில் ஊற்றியது யார் என்று கேட்டால் வாதம் மறுபடி அண்ணி பக்கமே போய்ச் சேர்கிறது.

கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது: எப்படியோ ஒரு ஆண்பிள்ளை அடுப்படிக்குள் வந்தாரே, அதைக் கேலி செய்து விரட்டிவிடலாமா? விரட்டக் கூடாது. டிகாக்ஷன் ராத்திரியே உறைந்துவிட்டால் இந்தப் பானத்துக்கு அடுப்பு எரிய வேண்டியதில்லை, கை சுடாது, அப்பளம் பொரிக்கிற பக்குவம்கூட வேண்டாம். அடுப்படிப் படிப்பில் எல்.கே.ஜி. வகுப்பு இது. அதில் சேர்ந்ததற்கு அண்ணாச்சிக்கு ஒரு மிட்டாய் கொடுக்கலாம். பட்டம்தான் கொடுக்க முடியாது. அந்தக் காலத்து ஃபில்டர் காபிப் பெரியவர்கள் மட்டும் யோக்கியமா, அவர்களும் பெண்டாட்டி இறக்கிய முதல் டிகாக்ஷனைக் குடித்துவிட்டு ‘நம்ம வீட்டுக் காபி’ என்று ஊரெல்லாம் பீற்றவில்லையா என்று கேட்கலாம். பீற்றினார்கள். ஆனால் ‘நான் போட்டது’ என்று அவர்கள் சொன்னதில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடியே பெருமை வந்துவிட்டதால், அதற்காக எழுந்து போய் ஒரு சுவிட்சைத் தட்ட வேண்டிய அவசியம் அவர்களுக்கு ஏற்படவில்லை. பெருமைக்கு இப்போது ஒரு சாட்சியம் வேண்டியிருக்கிறது. அந்த மட்டில் இது முன்னேற்றம்தான்.

அந்த முன்னேற்றத்தை இன்னும் இரண்டு அடி தள்ளிவிடுவது விருந்தாளிகள் கையில் இருக்கிறது. டம்ளர் கைக்கு வந்ததும் “பிரமாதம் அண்ணாச்சி!” என்று சொல்லித் தொலைக்கிறார்களே, அங்கேதான் கெடுகிறது. முதல் வாய் குடித்துவிட்டு, “ட்ரேல டிகாக்ஷன் யாரு ஊத்தி வச்சது?” என்று கேட்க வேண்டும். அண்ணாச்சி அண்ணி பக்கம் திரும்பிப் பார்ப்பார். பாராட்டை அந்தத் திசையில் அனுப்பிவிட்டு, காலி டம்ளரை அண்ணாச்சி கையிலேயே கொடுக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் லுங்கியை மடித்துக் கட்டினால், பில்டிங்கில் ஒரு அசல் காபி ரசிகர் இருக்கிறார் என்று ஒத்துக்கொள்ளலாம். “இன்னிக்கு மோர் குடிக்கிறீங்களா?” என்று கேட்டாலும் நஷ்டமில்லை, மோர் கோவண்டி வெயிலுக்கு நல்லது, கழுவுவதற்கும் சொம்பு ஒன்றுதான்.