தொடாதேயும்வே!

அண்ணாச்சி படம் பார்க்கக் கூப்பிட்டால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். படம் ஓடாது. படம் இருக்கிற டப்பாவைத்தான் காட்டுவார். அதற்கே இரண்டரை மணி நேரம் ஆகும், இடைவேளையும் கிடையாது.

முதலில் கை கழுவ வேண்டும். பிறகு துண்டில் துடைக்க வேண்டும். துடைத்த கையை மின்விசிறிக்கு நேரே நீட்டிக் காயவைக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு டப்பாவை நம் கையில் கொடுப்பார் என்று நினைப்பவர்கள் புது ஆட்கள். “தொடாதேயும்வே, பார்த்தாப் போதும்” என்பார். பிறகு எதற்குக் கை கழுவச் சொன்னார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்.

மேசையில் பழைய பட்டுத் துணி. அதன்மேல் ஸ்டீல்புக் என்கிற அந்த டப்பா. டியூப்லைட்டை அணைத்துவிட்டு, கைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடிப்பார்.

“இந்த ஓரத்தைப் பாரும். தெரியுதா?”

“ஒண்ணும் தெரியலையே அண்ணாச்சி.”

“நல்லாக் குனிஞ்சு பாரும். ஸ்பைன் முடியுத இடம். டென்ட்! நசுங்கியிருக்கு!”

குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தும் பார்த்தேன். டென்ட் தெரியவில்லை, அண்ணாச்சியின் கண் கலங்கியிருந்தது தெரிந்தது. லண்டனில் இருந்து பத்திரமாக வந்த பொருளாம். கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் எவனோ பைக் பெட்டிக்குள் போட்டுக் குலுக்கிவிட்டானாம். படம் எடுத்துக் கடைக்காரனுக்கு அனுப்பினார். அவனும் நல்ல மனுசன், இன்னொன்று அனுப்பிவைத்தான். அதில் வலது மூலையில் டென்ட். இப்போது இடது பக்கம் அடிபட்டது ஒன்று, வலது பக்கம் அடிபட்டது ஒன்று. அடியே படாத மூன்றாவதுக்குப் பணம் கட்டியாயிற்று.

ஸ்டீல்புக் என்பது டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்கனாவோ நிறுவனத்தின் வணிகப் பெயர். மற்றவர்கள் செய்கிற தகர உறைக்கு அந்தப் பெயர் சொன்னால் அண்ணாச்சிக்குக் கோபம் வரும். “தகரம்” என்று சொன்னால் அதைவிடக் கோபம் வரும். அவருடைய ஆச்சி ஒருநாள் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஏல, இதுல நாலு முறுக்குகூட வைக்க முடியாது போலுக்கே” என்றாள். அன்றிலிருந்து அலமாரிக்குப் பூட்டு.

அலமாரிக்குள் இருப்பதும் சாதாரண சமாசாரமில்லை. ஹாங்காங்கிலும் கொரியாவிலும் இப்படி உறை போடுவதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. ஒரே படத்தை ஃபுல் ஸ்லிப் என்று ஒரு அட்டையில் போடுவார்கள். சாய்த்தால் கதாநாயகன் வில்லனாக மாறுகிற லென்டிகுலர் அட்டையில் ஒன்று. முன்னும் பின்னும் மாறினால் டபுள் லென்டிகுலர். எல்லாவற்றிலும் எண் அடித்திருக்கும். அத்தனையும் சேர்த்து ஒரே பெட்டியில் வேண்டுமென்றால் அதற்கு ஒன் கிளிக் என்று பெயர். எந்த அட்டையைப் பிரித்தாலும் உள்ளே அதே வட்டு, அதே படம். ஆனால் அட்டையைப் பிரிக்கிற பேச்சே கிடையாது. பிரித்தால் மதிப்புப் போய்விடும்.

பிரித்தாலும் வேலை நடக்குமா என்றால் அங்கே ஒரு சங்கதி இருக்கிறது. ப்ளூரே உலகத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஹாங்காங்கும் கொரியாவும் ஏ, லண்டன் பி, நாம் சி. அண்ணாச்சி வீட்டுப் பிளேயர் சி. அலமாரியில் இருப்பதில் பாதி ஏ, மீதி பி. 4கே வட்டுக்கு இந்த எல்லைத் தகராறு இல்லை. அதற்கு வேண்டிய பிளேயரை அண்ணாச்சி இன்னும் வாங்கவில்லை. பணமெல்லாம் பெட்டிக்குப் போய்விட்டது.

ஐப்பசி பிறந்தால் அவர் படுகிற பாடு தனி. மலைமேல் ஊத்தில் இவ்வளவு, நாலுமுக்கில் இவ்வளவு, காக்காச்சியில் இவ்வளவு என்று மழைக் கணக்கு வரும்போது அணையோரத்துச் சனமெல்லாம் பிசான நெல்லுக்குத் தண்ணீர் கிடைக்கும் என்று சந்தோசப்படும். 118 அடி அணை நிரம்ப வேண்டுமென்று சாமி கும்பிடும். அண்ணாச்சி ஒருவர்தான் மழையைத் திட்டுவார். ஈரம் ஏறினால் துருப்பிடிக்குமாம். அம்பாசமுத்திரத்துச் செருப்புக் கடைகளில் சொல்லிவைத்து சிலிக்கா ஜெல் பொட்டலம் சேர்க்கிறார், செருப்பு வாங்குவதில்லை.

இதே மனுசன் ஒரு காலத்தில் எப்படி இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 2007இல் மோசர் பேயர்காரன் விசிடியை 28 ரூபாய்க்குப் போட்டபோது தெருவுக்கே படம் காட்டியவர் இவர்தான். உறை வெறும் மெல்லிசு. “கொண்டுட்டுப் போம்வே, பார்த்துட்டுத் தாரும்” என்று எடுத்து நீட்டுவார். திரும்பி வரும்போது வட்டில் கோழி கிளறியது மாதிரி கீறல் இருக்கும். பற்பசை தடவித் துடைத்து, அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார். ஒரு வட்டு பத்து வீடு சுற்றியது. அந்தக் கம்பெனி 2018இல் கலைப்புக்குப் போனது. அண்ணாச்சி அதற்கு முன்பே உறைக்குள் போய்விட்டார்.

அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓடிடியில் நேற்று இருந்த படம் இன்று இருப்பதில்லை. “1931ல வந்த ‘காளிதாஸ்’, நம்ம முதல் பேசும்படம். இன்னைக்கு ஒரு பிரதி இருக்கா? எவனாவது பத்திரமா வச்சிருந்தா இப்படி ஆகுமா?” என்று கேட்பார். கேட்கும்போது அந்தக் குரலில் பொய் இருக்காது. நமக்கும் ஒரு நிமிடம் மரியாதை வந்துவிடும்.

ஆனால் அண்ணாச்சி, ‘காளிதாஸ்’ தொலைவதற்கு முன்னால் சனங்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். உம்முடைய படங்கள் தொலையவே தொலையாது, யாரும் பார்க்கவும் போவதில்லை. இரண்டு டப்பாவில் நீர் பூட்டி வைத்திருக்கிற அதே படத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை டிவியில், சோப்பு விளம்பரத்துக்கு நடுவில், தமிழ் டப்பிங்கில் பார்த்துக்கொண்டிருந்தீர். மைனி, “அதான் உள்ள இருக்குல்லா, எடுத்துப் போடுங்களேன்” என்று சொன்னதற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தீராம். இது சேமிப்பும் இல்லை, ரசனையும் இல்லை. மைனி கேட்டது ஒரு படம். அடிபட்டவைதான் இரண்டு சும்மா கிடக்கின்றனவே, அதில் ஒன்றைக் கிழித்து, வட்டு ஓடுகிற பிளேயர் ஒன்றையும் வாங்கி, முதலில் அவர்களுக்குப் போட்டுக் காட்டும்.