கசகசா போட்ட குழம்புத் தூள்

வெளிநாட்டில் எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்று நானே ஒரு பட்டியல் வைத்திருந்தேன்: விமானம், நகரும் படிக்கட்டு, இங்கிலீஷ், சூயிங்கம். சிங்கப்பூரில் 1992லிருந்தே சூயிங்கத்துக்குத் தடை என்பதை மேச்சேரி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எடுத்துவிட்டு, விவரமான ஆள் என்று பேரும் வாங்கியிருந்தேன்.

அந்த விவரமான ஆள்தான் சிங்கப்பூர் போக எஸ்ஜி அரைவல் கார்டுக்குப் பணம் கட்டினான். போய் இறங்கும் நாளோடு சேர்த்து 3 நாளுக்குள் அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டியது அது. காசே கிடையாது. நான் தேடியதும் முதலில் வந்த ஏதோ ஒரு தளத்தில் கேட்டதைக் கட்டி, ரசீதை லேமினேஷனும் போட்டுக்கொண்டேன்.

அடுத்தது குழம்புத் தூள். மேச்சேரி ஆட்டுக்கறியைக் கொண்டுபோக விடமாட்டார்கள், தூளாவது போகட்டும் என்று அக்கா வறுத்து அரைத்துக் கொடுத்தாள். திருச்சி விமான நிலையத்தில் காரை விட்டு இறங்கும்போது சிங்கப்பூரிலிருந்து தங்கச்சி மகன் கூப்பிட்டான்.

"மாமா, தூள்ல கசகசா இருக்குதா?"

"கசகசா போடாம என்னடா கறிக்குழம்பு?"

அபினிச் செடியின் விதைதான் கசகசா. சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அதற்குத் தடை. சிங்கப்பூரோ போதைப்பொருள் கடத்தினால் தூக்கு என்று சட்டம் வைத்திருக்கிற ஊர். "இதுக்கெல்லாம் தூக்கு இல்ல மாமா" என்று பையன் சொன்னதில் என் காதில் விழுந்தது 'தூக்கு' மட்டும்தான். அங்கேயே பெட்டியைத் திறந்து, ஜட்டி பனியனையெல்லாம் ஊருக்குக் காட்டிப் பொட்டலத்தைத் தோண்டி எடுத்தேன். கார் ஓட்டி வந்த தம்பிக்கு அன்றைக்கு யோகம்.

பெரிய கண்டம் தாண்டிவிட்டது என்ற தெம்பில் சிங்கப்பூர் போய் இறங்கி, மறுநாள் அங்கிருக்கும் தேக்கா மார்க்கெட்டுக்குத் தனியாகக் கிளம்பினேன். எங்கு பார்த்தாலும் தமிழ், மல்லிகைப்பூ, இட்லி. வெளிநாடு என்ற நினைப்பே போய்விட்டது. போனில் சார்ஜும் போய்விட்டது. முந்தின இரவே போட்டிருக்கலாம். அங்கே பிளக்குக்கு மூன்று சதுரக் கால், என் சார்ஜருக்கு இரண்டு உருண்டைக் கால். பையன் வீட்டு பிளாக் நம்பர், அவன் நம்பர், பாஸ்போர்ட் நகல் எல்லாம் அந்தப் போனுக்குள். வீட்டு அடையாளம் சொல்லலாமென்றால், அடுக்குமாடி, கீழே சைக்கிள் நிற்கும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அங்கே பாதி ஊர் அப்படித்தான் இருக்கிறது.

பூக்கடை அம்மா ஒருவர் சார்ஜர் கொடுத்தார். "அட்ரஸ எழுதி பையில வச்சுக்கக் கூடாதாண்ணே?" என்று கேட்டார். லேமினேஷன் ரசீது மட்டும் பையில் பத்திரமாக இருந்தது.

சிங்கப்பூர் போகிறவர்கள் தங்குமிடத்து முகவரி, சொந்தக்காரர் நம்பர், போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். குழம்புத் தூளைக் கசகசா இல்லாமல் அரைக்கச் சொல்லுங்கள்.