ஒரே கடல், இரண்டு தலைப்பு

கே: கடையில் நாலு பேப்பர் போடுகிறேன். கச்சத்தீவு என்றாலே நாலிலும் ‘தாரைவார்ப்பு’தான். வேறு சொல் கிடையாதா?
– டீக்கடைக்காரர், தேரடி வீதி

ப: தாரைவார்ப்பது என்றால் தன் பொருளை நீர் வார்த்துக் கொடுத்துவிடுவது. திருக்கல்யாணத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சொல் விழுந்ததுமே தீவு யாருடையது என்ற தீர்ப்பும் விழுந்துவிடுகிறது. 285 ஏக்கர் தீவு ராமநாதபுரம் ஜமீனுடையது என்பது தமிழகத்தின் வாதம். உரிமை முடிவாகாத தீவு என்பது தில்லியின் வாதம். தீவு இலங்கைக்குப் போனதைச் சொல்ல, செய்திக்கு ‘1974 ஒப்பந்தம்’ போதும். தாரைவார்ப்பு தலையங்கத்தில் இருக்கட்டும்.

கே: ‘எல்லை தாண்டிய மீனவர்’, ‘எல்லை தாண்டியதாக மீனவர் கைது’ – என்ன பெரிய வித்தியாசம்?
– கல்லூரி மாணவர், செங்கம் சாலை

ப: முதலாவது தீர்ப்பு, இரண்டாவது குற்றச்சாட்டு. நிருபர் கரையில் இருக்கிறார். இலங்கைக் கடற்படை சொன்னதைத்தான் எழுதுகிறார். அந்த ‘ஆக’ இருந்தே ஆக வேண்டும்.

கே: யாழ்ப்பாணப் பத்திரிகைகளும் தமிழ்தானே, அங்கே எப்படி எழுதுகிறார்கள்?
– ஆசிரியை, பே கோபுரத் தெரு

ப: இங்கே ‘தமிழக மீனவர்’, அங்கே ‘இந்திய மீனவர்’. இங்கே ‘சிறைபிடிப்பு’, அங்கே ‘அத்துமீறல்’. 2009இல் போர் முடிந்து, சிறு படகோடு மறுபடி கடலுக்குப் போனவர்கள் வடக்கு மீனவர்கள். ராத்திரியில் நம் இழுவைப்படகு வந்து அவர்கள் வலையை அறுத்துப்போனால் வலைக்கு வாங்கிய கடனை அடைக்கவே மாதங்கள் ஆகும். இழுவைமடியை இலங்கை 2017இல் தடை செய்துவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் ராமேஸ்வரம் பையன் ஒருவன் கடலில் குண்டுபட்டுச் செத்தான். அங்கே அவனும் இங்கே அந்த வலையும் முதல் பக்கத்துக்கு வர வேண்டும். இரண்டு கரையிலும் அழுவது தமிழில்தான். அதைப் பாதி மறைத்து எழுதுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கே: அந்தப் பழைய ஒப்பந்தத்தில் மீன்பிடி உரிமை இருந்ததாமே?
– வாசகர், சன்னதி தெரு

ப: தீவுக்குப் போய்வர, அந்தோணியார் திருவிழாவுக்குச் செல்ல விசா வேண்டாம் என்று 1974 சொன்னது. ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்று 1976 மார்ச் கடிதங்கள் கூறின. நம் செய்திகள் பெரும்பாலும் 1974லேயே நின்றுவிடுகின்றன.

கே: மலை சுற்றும் ஊருக்குக் கடல் சண்டை எதற்கு?
– வாசகி, கிரிவலப் பாதை

ப: நம் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன, அம்மா. ‘அகதிகள்’ என்ற சொல்லை எடுத்து ‘மறுவாழ்வு முகாம்’ என்று 2021இல் அரசு பெயர் மாற்றியது. இதே பேப்பரை அவர்களும் காலையில் பிரிக்கிறார்கள். அறுந்த வலை அவர்கள் அண்ணனுடையதாக இருக்கலாம்.