பனை எண்ணுத பயலுக்கு

ஏலே பேராண்டி, லேப்டாப்பை மொறைச்சா அது பயந்துருமா? அஞ்சு பேரு உள்ள பட்டியல்ல அஞ்சாவது ஆளு வேணும்னு [5] தட்டுன. ‘இன்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச்’னு பைத்தான் ஏசுது. ஏசாம என்ன செய்யும்? நீ எண்ணுத, அது நடந்து அளக்குது.

வரப்போரம் பனை வரிசையா நிக்கில்லா? மொத மரத்தடியில நிக்கவன் அந்த மரத்துக்குப் போவ எத்தனை மரம் தாண்டணும்? ஒண்ணும் வேண்டாம். அதாம்லே [0]. அஞ்சாவதுக்கு நாலைத் தாண்டுனாப் போதும், [4]. சி மொழியிலயும் இதே கணக்குதான், பட்டியல் தொடங்குத எடத்துல இருந்து எம்புட்டுத் தூரம்ங்கறதுதான் இன்டெக்ஸு. ஃபோர்ட்ரான், மாட்லாப், ஆர், ஜூலியா வீட்டுல ஒண்ணுல இருந்து எண்ணுவாவ. அங்க போனா அவுக வழக்கப்படி நடந்துக்க.

துண்டு வெட்டுத கதை இன்னும் ருசி. [1:4]ன்னா 1, 2, 3 வரும், 4 வராது. ‘என்ன தாத்தா, கஞ்சத்தனமா இருக்கு’ன்னு மூஞ்சியைச் சுளிக்காத. நாலுல ஒண்ணு போனா மூணு, துண்டுல உள்ளதும் மூணு. [:3]யும் [3:]யும் சேத்தா முழுப் பட்டியலும் வந்துரும், ஒருத்தன் விட்டுப்போவவும் மாட்டான், ரெண்டு தடவை வரவும் மாட்டான். டைக்ஸ்ட்ரான்னு ஒரு டச்சுக்காரரு 1982லயே கைப்பட எழுதி வச்சுட்டாரு, கீழ்வரம்பைச் சேத்துக்க, மேல்வரம்பை விட்டுரு, எண்ணிக்கையைப் பூச்சியத்துல தொடங்குன்னு. அவரு பேச்சைக் கேக்காத நீ எம்பேச்சையா கேக்கப் போற!

ஆனா இந்தத் துண்டு இருக்கே, பெரிய தலையாட்டிப் பய. [5] கேட்டா ஏசுத அதே பைத்தான், [2:500] கேட்டா இருக்கதை மட்டும் குடுத்துட்டு கம்முனு இருந்துக்கிடும். ஏசுதவன்கிட்ட ஒனக்குப் பயமே வேண்டாம். இவன்கிட்டதான் முழிச்சுக்க.

பின்னால இருந்து எண்ண [-1], கடைசி ஆளு. சொகமா இருக்குல்லா? சொகத்துலதான் குழி. சொல்லுக்குள்ள ஒரு எழுத்தைத் தேட ‘ஃபைண்ட்’ போடுத. இல்லன்னா அது -1ன்னு கையை விரிக்கும். நீ அந்த -1ஐ அப்பிடியே இன்டெக்ஸாக் குடு, கடைசி எழுத்தை எடுத்து நீட்டிட்டு நல்ல பிள்ளை மாதிரி நிக்கும். அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. கடைசி நாலு பேருக்கு மெசேஜ் அனுப்ப [-4:] போடுத. நாளைக்கு ஒருத்தருக்கும் வேண்டாம்னு நாலு இருந்த எடத்துல 0 வச்சேன்னு வையி, [-0:]ம் [0:]ம் ஒண்ணுதாம்லே. ஊருக்கே போயிரும் மெசேஜு. பெறவு ஒன் மேனேஜருக்குப் பதில் சொல்ல என்னைக் கூப்புடாத.

சரி, பெரிய கெட்டிக்காரன்தான, ‘தமிழ்’ல எத்தனை எழுத்துன்னு பைத்தான்கிட்ட கேளு. அஞ்சும்பான். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி, எல்லாத்தையும் தனித்தனியா யூனிகோடு கணக்குல எண்ணுதான். [1] கேட்டா ‘மி’ வராது, மொட்டை ‘ம’ வரும். [-1] கேட்டா வெறும் புள்ளி. [::-1] போட்டுத் திருப்புனா அந்தப் புள்ளி முன்னால வந்து நிக்கும். ஓப்பன் தமிழ்னு ஒரு நிரல் நூலகம் இருக்கு, அது த, மி, ழ்னு மூணாப் பிரிச்சுக் குடுக்கும். அதைப் போட்டுக்கிட்டு ஒம்பேரை எண்ணிப் பாருலே. எண்கணித சோசியரு கேட்டா எந்தக் கணக்கைச் சொல்லணும்னு நீயே முடிவு பண்ணிக்க.