கடல் தாண்ட நாலு, மலை தாண்ட ஆறு

மகள் துபாயில் இருப்பதால் கொச்சி–துபாய் தூரம் எனக்கு மனப்பாடம். ஏறக்குறைய 2,800 கிலோமீட்டர். விமானத்தில் நாலு மணி நேரம். டீக்கடையில் யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். போடியிலிருந்து கொச்சி விமான நிலையத்துக்கு எவ்வளவு நேரம் என்று மட்டும் யாராவது கேட்டால், வீட்டில் அவசர வேலை இருப்பது உடனே ஞாபகம் வந்துவிடும்.

அது ஆறு மணி நேரம். இத்தனைக்கும் மதுரை விமான நிலையம் கூப்பிடு தூரம்தான். கொச்சியில் டிக்கெட் மலிவு என்று கண்டுபிடித்த மேதை நான். அப்படி மிச்சம் பிடித்ததைக் கார் வாடகைக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் பாலிதீன் பைக்கும் கொடுத்துக் கணக்கை நேர் செய்தோம்.

வரைபடத்தில் போடிக்கும் மூணாறுக்கும் நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். சாலையில் இரண்டு மடங்கு. போடிமெட்டு ஏறுவதற்குள்ளேயே 17 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்து முந்தலைத் தாண்டியதும், பூமி உருண்டை என்பதால் விமானம் போகும் குறுக்குவழி வரைபடத்தில் வளைந்து தெரியும் என்று வீட்டாருக்கு விளக்க ஆரம்பித்தேன். பாதி மலையில் மனைவி கேட்டாள்: "பேச்சை நிறுத்துறீங்களா, வண்டிய நிறுத்தச் சொல்லவா?" வண்டியைத்தான் நிறுத்தவேண்டி வந்தது. முதல் பை எனக்கு.

ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள், ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, சிரித்துப் பேசியபடி எங்களை முந்திப் போனார்கள். தினமும் இருட்டோடு ஏறி, சாயங்காலம் இறங்குகிறவர்கள். என் தலை ஜன்னலுக்கு வெளியே இருந்ததால் எல்லாரையும் நன்றாகப் பார்க்க முடிந்தது.

நூறு வருஷத்துக்கு முன்பே மூணாறுத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தொங்கி, ஒரு வளைவும் இல்லாமல் இறங்கியது. தேயிலைக்கு அந்த மரியாதை. குடும்பஸ்தனுக்கு எலுமிச்சம்பழம்.

ரயிலையும் சொல்லிவிடுகிறேன். 1928-இல் வந்த மதுரை–போடி ரயில், உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்ததில் நின்று, 1950-களில் திரும்பவும் ஓடியது. அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள்; 2023 ஜூன் 15 அன்று வந்துசேர்ந்தது. 90 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை வருஷம், அதாவது வருஷத்துக்கு ஏழு கிலோமீட்டர் சொச்சம். இதே வேகத்தில் துபாய்க்குப் பாதை போட்டால் ஏறக்குறைய 390 வருஷம். டிக்கெட் எடுக்கும் முன் இந்தக் கணக்கையும் வீட்டில் சொன்னேன். யாரும் ரசிக்கவில்லை.

மாமியார் ஒரு கிலோ ஏலக்காய் கட்டிக் கொடுத்திருந்தார். "நம்ம காய் அங்க எங்க கிடைக்கும் மாப்பிள்ளை?" என்பது அவர் வாதம். போடியில் ஏலம் போகிற காய் வளைகுடாக்காரர்களின் கஹ்வா காப்பியில் மிதக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ளை பேச்சு எடுபடவில்லை. மகளின் அடுப்படியில் டப்பாவைத் திறந்தால், உள்ளே குவாத்தமாலா ஏலக்காய். உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்தும், கசங்காமல் வாடாமல் பச்சையாக இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் கொச்சி வழியாக வந்திருக்கமாட்டார்.

எனக்கு ஒரே ஆறுதல் கடிகாரம். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். "பார்த்தியா, ஒன்றரை மணி நேரம் லாபம்" என்றேன்.

"திரும்பி வர்றப்ப பிடிச்சுக்குவாங்க" என்றாள் மனைவி.